கல்லீரலுக்கும் சேர்த்துத்தான் அந்த மாத்திரை

குமுளியிலிருந்து வண்டன்மேடு வரைக்கும் உள்ள ஏலத்தோட்டங்களில் யாருக்காவது கண் மஞ்சளாகத் தெரிந்தால், முதலில் எழும் பேச்சு டாக்டரைப் பற்றியதாக இருக்காது. எந்த ஊர் வைத்தியரிடம் போவது, எத்தனை நாள் பத்தியம், ஆட்டுப்பால் யார் வீட்டில் கிடைக்கும் என்றுதான் பேச்சு போகும். நானும் சிறு வயதில் வேலியோரத்துக் கீழாநெல்லியை அம்மா அரைத்துக் கொடுக்கக் குடித்தவன். அதைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ஹெச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்குக் காமாலை வந்தால் எதைச் செய்யவே கூடாது என்பதை, அந்த மாத்திரையைச் சாப்பிடுகிற இன்னொருவனாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக மனதில் கிடக்கிறது.

பெயர் வேண்டாம். தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய்க் கணக்கு எழுதுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஹெச்.ஐ.வி. இருக்கிறது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸும் இருக்கிறது. இரண்டும் அடங்கிக் கிடக்கின்றன. வேலைக்குப் போகிறேன், மூட்டை தூக்குகிறேன், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டேன்.

என்னைப் போலவே மலையிறங்கிப் போய் மருந்து வாங்குகிற ஓர் அண்ணன் இருக்கிறார். கூடலூர்ப் பக்கம். காய் எடுக்கும் பெண்களை விடியற்காலையில் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே வருவார், மாலையில் இறக்கிக்கொண்டு போவார். ஏ.ஆர்.டி. மையத்து வரிசையில் முதல் தடவை பார்த்தபோது இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பிறகு திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் அவரே வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அண்ணன், அவருக்கு நான் தம்பி.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. வாந்தி, சோற்று வாசனையே ஆகவில்லை. வீட்டில் இருந்தவர்கள் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். பச்சிலை உருண்டை, உப்பில்லாப் பத்தியம், அதோடு ஒரு கட்டளை: இந்த மருந்து உள்ளே போகும்போது இங்கிலீஷ் மாத்திரை எதுவும் ஆகாது. ஏ.ஆர்.டி.யைப் பற்றி அந்த வைத்தியரிடம் அண்ணன் சொல்லியிருக்கவும் முடியாது. பக்கத்தில் மைத்துனர் நிற்கிறார். எனவே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

மஞ்சள் இறங்கியது. உடம்பு தெளிந்தது. ஊரே வைத்தியரைப் புகழ்ந்தது. மாத்திரையில்லாமலே நன்றாக இருக்கிறதே என்று அவரும் தொடரவில்லை. சில வாரம் கழித்து மறுபடியும் மஞ்சள் ஏறியது. இந்த முறை வயிறு ஊதியது, கால் வீங்கியது, பகலில் தூக்கமும் இரவில் பிதற்றலுமாகக் கிடந்தார். மருத்துவமனையில் சேர்த்தபோது, கல்லீரல் அடிபட்டிருப்பதை இரத்தத்தில் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. நாற்பதை ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது. ஹெபடைடிஸ் பி வைரஸ் அவர் கல்லீரலில் கட்டவிழ்ந்து பெருகியிருந்தது.

என்ன நடந்தது என்பதை அங்கிருந்த மருத்துவர் ஒருவர் வரைபடம் போட்டு எனக்கு விளக்கினார். நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன்.

இப்போது நம்மில் பெரும்பாலோர் இரவில் போடும் ஒற்றை மாத்திரையில் மூன்று மருந்துகள் இருக்கின்றன. டெனோபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் வேறு வேறு குலத்து வைரஸ்கள்தான். ஆனாலும் பெருகுவதற்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே வகை நொதியை நம்பியிருக்கின்றன. அந்த நொதியை டெனோபோவிரும் லாமிவுடினும் முடக்குகின்றன. டோலுடெக்ராவிர் மட்டும் ஹெச்.ஐ.வி.க்கே உரியது. ஆகவே பி இருப்பவருக்கு அந்த மாத்திரை ஒரே நேரத்தில் இரண்டு நோய்க்கான சிகிச்சை. அவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது கல்லீரலையும் காத்துக்கொண்டிருக்கிறது.

காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பி வைரஸை அது வேரோடு எடுத்துவிடுவதில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் மரபுப்பொருள் ஒரு சிறு வளையமாக ஒளிந்து தங்கிவிடுகிறது. ஏலச்செடி அடியில் களையை அரிவாளால் அரிந்துவிட்டால் தூர் மண்ணுக்குள் இருக்குமே, அப்படி. மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்திலோ சில மாதத்திலோ அது மறுபடி எழும். எழுந்த வைரஸை உடம்பின் எதிர்ப்புச் சக்தி தாக்கும்போது கல்லீரல் செல்களும் சேர்ந்தே அழியும். சிலருக்கு அது லேசாக வந்து போகும். சிலருக்குக் கல்லீரலே செயலிழந்துவிடும். அண்ணன் இந்த இரண்டாவது விளிம்பு வரைக்கும் போய் வந்தார். மருந்தை மறுபடி தொடங்கி, கல்லீரல் மெதுவாகத் தேறி, அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க வெகுகாலம் ஆனது.

முதலில் வந்த காமாலை எதனால் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தண்ணீர் மூலம் பரவும் ஹெபடைடிஸ் ஏ-யாக இருக்கலாம், ஈ-யாகவும் இருக்கலாம். இந்த இரண்டும் பெரும்பாலானவர்களுக்குத் தாமாகவே சரியாகிவிடும். பத்தியம் இருந்தாலும் சரியாகும், இல்லாவிட்டாலும் சரியாகும். நாட்டு வைத்தியத்துக்குக் காமாலையில் இவ்வளவு பேர் கிடைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். பி-யும் சி-யும் அப்படியல்ல. அவை இரத்தத்தின் வழி வருகின்றன. பி உடலுறவிலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் எளிதாகப் போகும். வந்தவை பலருக்குப் போகாமல் தங்கி, பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலைச் சுருக்கி, கடைசியில் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடக்கூடியவை. கண் மஞ்சளாவது மட்டும்தான் கல்லீரல் நோய் என்று நம் பக்கத்தில் எண்ணிக்கொண்டிருக்கிறோம். என் கண் ஒரு நாளும் மஞ்சளானதில்லை.

கீழாநெல்லி என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போவது நியாயமில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸின் அடையாளத்தை முதலில் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனோடும் மற்றவர்களோடும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தவர். அந்த ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பி வைரஸ் தங்கியிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்ததில் 22 பேரின் இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் அப்படியே கிடைக்கவில்லை. நம் மூலிகையை அறிவியல் அலட்சியம் செய்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். அலட்சியம் செய்யவில்லை, நோபல் பரிசு பெற்றவரே எடுத்துச் சோதித்தார். மூலிகை மேல் நம்பிக்கை இருப்பவர்கள் தங்கள் ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொல்லிவிட்டு முடிவெடுக்கட்டும். அதற்காக டெனோபோவிரை நிறுத்துவது மட்டும் கூடாது.

என் கதை அண்ணனுடையதைப் போலக் கொடியது அல்ல. நான் 2008-இல் மருந்து தொடங்கினேன். அப்போது கொடுத்தது ஜிடோவுடின், லாமிவுடின், நெவிரபின். அரசின் இலவச ஏ.ஆர்.டி. திட்டம் 2004 ஏப்ரல் முதல் தேதி தொடங்கியது என்பதால் எனக்குக் காசு செலவில்லை. அந்த மூன்றில் பி-யைத் தொடுவது லாமிவுடின் ஒன்றுதான். தனியாக அது நெடுநாள் தாங்காது. ஹெச்.ஐ.வி.யும் பி-யும் சேர்ந்து இருப்பவர்களிடம் லாமிவுடினை மட்டும் நம்பியிருந்தால், நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினருக்குப் பி வைரஸ் அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஓர் இளம் மருத்துவர், மையத்தில் என் சிகிச்சை விவரம் எழுதும் பச்சைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “உங்களுக்கு ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. எடுக்கவே இல்லையே” என்று கேட்டு, அன்றே இரத்தம் எடுக்கச் சொன்னார். பி வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. இருந்தது. டெனோபோவிர் சேர்ந்த மருந்துக்கு மாற்றினார்கள். லாமிவுடினுக்குப் பழகிய பி-யையும் டெனோபோவிர் அடக்கும். அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் தினமும் நினைக்கிறேன்.

அண்ணனுடைய புத்தகத்திலோ பரிசோதனை எடுத்து முடிவும் எழுதியிருந்தது. ஓர் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல். அவர் அப்போது மருந்து வாங்கிய இடத்தில் அதன் பொருளை யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. டெனோபோவிர் தொடங்கிவிட்டார்கள், கல்லீரலும் அடங்கியிருந்தது, அதோடு வேலை முடிந்தது என்று இருந்திருக்கிறார்கள். இது எனக்கு ஆறவே இல்லை. தன் மாத்திரை இரண்டு வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அவர் அதை நிறுத்தியிருக்க மாட்டார். மைத்துனருக்குத் தெரியாமலாவது விழுங்கியிருப்பார். அவ்வளவு கட்டுப்பாடான மனிதர். ஜீப் குலுங்கும்போது டப்பாவில் மாத்திரை சத்தம் போடாமல் இருக்க உள்ளே பஞ்சு அடைத்து, மேலே இருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டு, முன்சீட்டுக்கு அடியில் வைத்திருப்பவர்.

சிறுநீரகத்துக்காக மருந்து மாற்றுகிறவர்களும் கவனிக்க வேண்டும். டெனோபோவிர் சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினினை ஏற்றும், அப்போது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். பி இருப்பவர் என்றால் அதைத் தடுக்க இன்னொரு மருந்து கூடவே வர வேண்டும். “எனக்குப் பி இருக்கிறது, இந்தப் புது மருந்து அதற்கும் ஆகுமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

இனி சி. அதை ஒரு அக்காவை வைத்துத்தான் சொல்ல முடியும். காய் எடுக்க வருகிறவர், ஹெச்.ஐ.வி. உள்ளவர். பிரசவத்தில் இரத்தப்போக்கு அதிகமாகி இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், அதில்தான் சி வந்தது என்று அவர் நினைக்கிறார். எதில் வந்தது என்று உறுதியாக யார் சொல்ல முடியும்? ஆன்டி ஹெச்.சி.வி. பரிசோதனையில் பாசிட்டிவ் என்றதும், ஹெச்.ஐ.வி. தெரிந்த நாளில் அழாதவர், அன்று அழுதார். இதோடு இன்னும் ஒன்றா என்றார்.

ஆனால் சி-க்கு மருந்து இருக்கிறது, அது முழுதாகவே குணமாகிவிடும் என்பதை அவர் நம்புவதற்குத்தான் நேரம் பிடித்தது. சோபோஸ்புவிர், டக்லடாஸ்விர் என்று தினம் இரண்டு மாத்திரை, 12 வாரம். சாப்பிடுகிறவர்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். ஹெச்.ஐ.வி. இருந்தாலும் பலன் குறைவதில்லை. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஜூலை 28 புளூம்பெர்க் பிறந்த நாள், அதனால்தான் உலக ஹெபடைடிஸ் தினமும் அன்றுதான்.

மருந்து தொடங்குவதற்கு முன் அக்காவுக்கு இரண்டு விஷயம் பார்த்தார்கள். ஒன்று, அவர் சாப்பிடும் ஏ.ஆர்.டி. எது என்பது. பழைய மாத்திரையான எஃபாவிரென்ஸ் சாப்பிடுகிறவர்களுக்கு டக்லடாஸ்விரின் அளவை 60-இலிருந்து 90 மில்லிகிராமாகக் கூட்ட வேண்டியிருக்கும். டோலுடெக்ராவிர் என்றால் அந்தச் சிக்கல் இல்லை. இன்னொன்று, பி இருக்கிறதா என்பது. இரண்டும் சேர்ந்து இருக்கும் கல்லீரலில் பெரும்பாலும் சி மேலோங்கிப் பி அமுங்கிக் கிடக்கும். சி-யை மருந்து விரட்டியதும் பி தலைதூக்கும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் இந்த மருந்துகளின் மேல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது இதற்காகத்தான். அக்காவுக்குப் பி இல்லை.

மருந்து முடிந்து 12 வாரம் கழித்து வைரஸ் அளவைப் பார்த்தார்கள். வைரஸ் இல்லை. அந்தத் தாளை அவர் பாலிதீன் உறையில் போட்டு, ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார். வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கண்புரை அறுவைக்காக எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இரத்தம் கொடுத்தபோது சி பாசிட்டிவ் என்று மறுபடியும் தாள் வந்தது. “சேச்சிக்கு அசுகம் மாறவில்லை”, அதாவது நோய் போகவில்லை என்று அங்கே ஒருவர் சொல்லிவிட, காய்க்கூடையோடு நேரே என்னிடம் ஓடிவந்தார். ஆன்டி ஹெச்.சி.வி. என்பது உடம்பு செய்துவைத்த எதிர்ப்பொருளைக் காட்டுவது. நோய் போனபிறகும் எதிர்ப்பொருள் ஆயுள் முழுக்க இருக்கும். வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது ஆர்.என்.ஏ. பரிசோதனை. பாலிதீன் உறைத் தாளைக் காட்டி, கண் மருத்துவரிடம் பேசி, அறுவை நடந்தது. இன்றைக்குக் காயின் பச்சையைத் தூரத்திலிருந்தே சொல்கிறார்.

இதிலேயே எதிர்த்திசையில் ஒன்று. ஹெச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி மிகவும் இறங்கிப் போனவர்களுக்கு, சி இருந்தும் எதிர்ப்பொருள் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். எதிர்ப்புச் சக்தியின் அளவைக் காட்டும் சி.டி.4 குறைவாக இருந்து எஸ்.ஜி.பி.டி. காரணமில்லாமல் ஏறியிருந்தால், வைரஸையே தேடிப் பார்க்கச் சொல்லலாம். குணமானவருக்கு சி மறுபடியும் வரலாம் என்பதும் உண்மை. அதற்குத் தடுப்பூசி இல்லை.

பி-க்கு இருக்கிறது. நம் நாட்டில் 2002-இல் சில இடங்களில் குழந்தைகளுக்குப் போட ஆரம்பித்து, 2011-இல்தான் நாடு முழுக்க வந்தது. ஆகவே இன்று ஜீப்பில் ஏறி மலைக்கு வரும் பெரியவர்களில் மிகப் பலருக்கு அந்த ஊசி போட்டிருக்காது. பிறந்தவுடன் பி தொற்றிய குழந்தைகளில் 90 விழுக்காட்டினருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கு அது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் ஹெச்.ஐ.வி. உள்ள பெரியவர்களுக்கு அந்தச் சலுகை குறைந்துவிடுகிறது. உலகில் ஹெச்.ஐ.வி.யோடு பி-யும் சேர்ந்து இருப்பவர்கள் 27 லட்சம், சி-யும் சேர்ந்து இருப்பவர்கள் 23 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த 23 லட்சத்தில் பாதிக்கு மேல் ஊசி வழியாகப் போதை மருந்து எடுத்துக்கொண்டவர்கள். அவர்களை ஊர் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். மருந்து அவர்களுக்கும் இதே மருந்துதான், இதே பலன்தான்.

பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். காய்ந்த இரத்தத் துளி போதும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரே ரேசரை நாலு பேர் வைத்துக்கொள்வதும், திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியில் ஆளுக்கு ஆள் பச்சை குத்திக்கொள்வதும் எனக்கு நெஞ்சைப் பதற வைக்கின்றன. சேர்ந்து சாப்பிடுவதிலும் கட்டிப்பிடிப்பதிலும் ஒன்றும் வராது.

எல்லை ஊரில் இருப்பதால் நமக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. தமிழ்நாட்டில் பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், கேரளத்தில் ஜ்யோதிஸ். அங்கே ஏ.ஆர்.டி. மையத்துக்கு உஷஸ் என்று பெயர். இந்தப் பக்கத்து ஆள் முகம் தெரியாமலிருக்க அந்தப் பக்கம் பதிவு செய்வதும், அந்தப் பக்கத்து ஆள் இங்கே இறங்குவதும் நடக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் நாம் எல்லை தாண்டும்போது நம் காகிதங்களும் கூட வர வேண்டும். மாற்றல் தாள் வாங்கும்போது, பி-யும் சி-யும் பார்த்த முடிவு அதில் எழுதியிருக்கிறதா என்று நின்று பாருங்கள். மழைக்காலத்தில் லோயர் கேம்ப் மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். ஜூன் வருவதற்கு முன்பே கூடுதல் மாத்திரை கேட்டு வாங்கி வையுங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள்.

வெளியே சொல்லிவிடுவார்கள் என்று பயந்தால், 2017-ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. சட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. நம் சம்மதமில்லாமல் நம் நிலையை ஒருவரும் வெளியிடக் கூடாது. 1097-க்குப் போன் செய்தால் காசில்லாமல், பெயர் சொல்லாமல் பேசலாம்.

மது பற்றி ஒரு வார்த்தை. மலைக்குளிருக்கு என்று ஆரம்பிப்பது கல்லீரலில் போய்த்தான் நிற்கிறது. பி, சி உள்ளவருக்கு அது இரட்டை அடி. விட்டுவிடுங்கள். தனியாக முடியாவிட்டால் மையத்து ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

என் மனைவிக்கு ஹெச்.ஐ.வி.யும் இல்லை, பி-யும் இல்லை. பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, எதிர்ப்பொருள் அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டோம், இருக்கிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவர்கள் ஊசி போட்டால் சில சமயம் வழக்கமான அளவு பிடிக்காது. அளவைக் கூட்டித் தவணையையும் கூட்டிப் போட வேண்டியிருக்கலாம் என்று மருத்துவர் சொல்வார்.

அண்ணன் போன வாரம் போன் செய்தார். அவருடைய பி வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுக்கிறார். கல்லீரலில் கட்டி ஏதும் முளைக்கிறதா என்று பார்க்கத்தான். மகன் 2004-இல் பிறந்தவன், ஊசி போட்ட அட்டை காணவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். அட்டையைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.யும் எதிர்ப்பொருளும் இரண்டும் எடுத்துப் பாருங்கள், மதினியையும் கூட்டிப்போங்கள் என்றேன். சனிக்கிழமை ஜீப்பை வேறு ஆளிடம் விட்டுவிட்டு மூவரும் போகிறார்கள்.